பதினான்காம் கேள்வி

"உன்னைப் படைத்தவர் யார்?"

எட்டு வயதுக் குழந்தை ஒன்று, மூன்று பட்டங்கள் பெற்ற ஒரு குருவானவரைப் பார்த்து இப்படிக் கேட்டது. அதுவும் கோயிலுக்குள், பீடத்துக்கு முன்னால், பதினெட்டுப் பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்க, ஒருமையில்.

நியாயமாகப் பார்த்தால் முதலில் கேட்டவர் அவர்தான். முதன்முறையாக நற்கருணை அப்பம் வாங்குவதை எங்கள் பக்கத்துக் கத்தோலிக்கர்கள் புதுநன்மை என்பார்கள். அதற்கு முன்னால் பிள்ளைகள் அறுபது கேள்வி பதில்களை மனப்பாடம் செய்து ஒப்பிக்க வேண்டும். ஆயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றெட்டு ஜூலையில், திருக்காட்டுப்பள்ளிக்குப் பக்கத்தில் இருக்கும் சம்மனசுபுரத்தில், பங்குச்சாமியார் பெரியநாயகசாமி அந்தத் தேர்வை நடத்திக்கொண்டிருந்தார். சான்ட்ராவின் முறை வந்தது.

"உன்னைப் படைத்தவர் யார்?" என்றார்.

சான்ட்ரா அவருடைய அங்கியின் மூன்றாவது பொத்தானைப் பார்த்துக்கொண்டே, "உன்னைப் படைத்தவர் யார்?" என்றாள்.

சாமியார் குரலை உயர்த்திக் கேட்டார். அவளும் குரலை உயர்த்திக் கேட்டாள். அவர் ஒவ்வொரு சொல்லாக நிறுத்திக் கேட்டார். அவளும் அதே இடங்களில் நிறுத்தினாள். பிள்ளைகள் சிரித்தார்கள். சாமியார் கடைசிவரை பதில் சொல்லவில்லை. அவருக்குத் தெரியாமல் இருக்காது. தேர்வு வைக்கிறவர் பதில் சொல்ல வேண்டும் என்று எங்கும் சட்டம் இல்லை, அவ்வளவுதான்.

"டீச்சர், இந்தப் பிள்ளைக்கு இன்னும் விவரம் பத்தல. அடுத்த வருஷம் பாத்துக்கலாம்" என்று சொல்லிவிட்டுப் பட்டியலில் அவள் பெயரின் குறுக்கே ஒரு கோடு இழுத்தார்.

அடுத்து வந்தவன் கிளாட்சன். நடுவில் ஒரு பதிலை விட்டுவிட்டு மனப்பாடம் செய்திருந்ததால், ஒவ்வொரு கேள்விக்கும் அடுத்த கேள்வியின் பதிலைத் தங்குதடையில்லாமல் சொன்னான். "கடவுள் எங்கே இருக்கிறார்?" என்றதற்கு, "மூன்று ஆட்களாய் இருக்கிறார்" என்றான். "பாவம் என்றால் என்ன?" என்றதற்கு, "ஞானஸ்நானத்தால் போய்விடும்" என்றான். சாமியார் அவன் தோளில் தட்டி, "நல்லாப் படிச்சிருக்கான். கொஞ்சம் அவசரப்படுறான்" என்றார். கிளாட்சன் தேறினான்.

சான்ட்ராவின் அப்பா லியோ குவைத்தில் ஏசி மெக்கானிக். அந்த வருடங்களில் எங்கள் ஊரில் இரண்டு போகம் விளைந்தது: ஒன்று நெல், இன்னொன்று வெளிநாடு. நெல்லுக்குத் தண்ணீர் வந்தால்தான் உண்டு. வெளிநாட்டுக்கு விசா போதும். லியோவுக்குக் கடிதம் எழுத வராது என்பதால் கேசட்டில் பேசி அனுப்புவார். சான்ட்ரா ஒவ்வொரு கேசட்டையும் ஒரே ஒரு தடவை கேட்பாள். பிறகு அப்பாவின் இருமல், ஏசியின் உறுமல், அறையில் கூட இருப்பவர் மலையாளத்தில் யாரையோ கூப்பிடுவது எல்லாவற்றோடும் திருப்பிச் சொல்வாள். எதை முதல்முறை எப்படிக் கேட்டாளோ, அப்படியே அது உள்ளே நின்றுவிடும். ஒரு எழுத்து மாறினாலும் காதைப் பொத்திக்கொண்டு கத்துவாள்.

இவ்வளவு ஞாபகம் இருக்கிற பிள்ளை, "உன் பேர் என்ன?" என்றால், "உன் பேர் என்ன?" என்பாள். ஊருக்கு இது போதாதா? கேபிள் டிவி பார்த்ததால் வந்தது என்றார்கள். கர்ப்பத்தில் கிரகணம் பார்த்ததால் என்றார்கள். அப்பன் பக்கத்தில் இல்லாததால் என்று, தங்கள் பிள்ளைகளையே துபாய்க்கு அனுப்பிவிட்டவர்கள் சொன்னார்கள். திருச்சியில் ஒரு டாக்டர் மட்டும், "இது ஆட்டிசம். இவ கத்துக்கிற விதம் வேற. மருந்து கிடையாது. பொறுமையா இருங்க" என்றார். மருந்து எழுதாத டாக்டரை ஊர் எப்படி நம்பும்? அவருக்கு ஒன்றும் தெரியவில்லை என்று முடிவு செய்தார்கள்.

தேர்வு நடந்த அன்று மாலையே, சான்ட்ராவின் அம்மா ரோஸ்லின் மறைக்கல்வி டீச்சரைத் தேடிப் போனாள். டீச்சரின் பெயர் பாத்திமா மேரி. இருபத்திரண்டு வருடங்களாகப் பிள்ளைகளைப் புதுநன்மைக்குத் தயார் செய்கிறவர். ஒரு பிள்ளைகூடத் தவறியதில்லை. அர்த்தம் தெரிந்து சொன்ன பிள்ளைகள் எத்தனை என்று யாரும் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை.

"டீச்சர், அவரு ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவதான் வர்றாரு. ஆகஸ்ட் பத்தாந்தேதி வந்து இறங்குறாரு. பாப்பா புதுநன்மைக்குன்னே லீவை மாத்தி வாங்கியிருக்காரு."

"சாமியார் போட்ட கோட்டை நான் எப்படி ரோஸ்லின் அழிக்கிறது?"

"பிள்ளைக்கு எல்லாம் தெரியும் டீச்சர். வீட்ல அறுபதையும் முழுசாச் சொல்றா."

"வீட்ல யாருதான் சொல்லல? எங்க வீட்டுக்காரர்கூட வீட்ல பிரமாதமாப் பாடுவாரு. வெளிய கூட்டிட்டுப் போக முடியுமா?"

ரோஸ்லின் சிரிக்கவில்லை. "அடுத்த வருஷம் அவரு இங்க இருக்க மாட்டாரு டீச்சர். அவரு பாக்குறதுக்கு இந்தப் பிள்ளைகிட்ட வேற என்ன இருக்கு? ஆண்டு விழாவா, பரிசா? இது ஒண்ணுதான்."

"ஜெபம் பண்ணு. ஆண்டவர் பாத்துப்பாரு" என்றார் டீச்சர். நமக்கு வேலை வைக்காத நேரங்களில் நாம் எல்லோரும் சொல்வதுதான்.

இரண்டு வாரம் ஆண்டவர் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, ஒரு புதன்கிழமை மாலை ஐந்து மணிக்கு, டீச்சரின் டிவிஎஸ் வண்டியை மதகடியில் நிறுத்தினார்.

வண்டி தானாக நிற்கவில்லை. டீச்சர் வாய்க்கால் கரையில் வந்துகொண்டிருந்தபோது, தன் குரலையே கேட்டார். "கை கட்டு! கேள்வி நாலு!" அவருடைய ஏற்ற இறக்கம், அவருடைய மூக்கடைப்பு. சுற்றிலும் பார்த்தால் மதகின் மேல் சான்ட்ரா உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் செல்லதுரை, மதகைத் தூக்கி இறக்கும் திருகுக்கு கிரீஸ் தடவிக்கொண்டிருந்தார்.

செல்லதுரை அந்த வாய்க்காலின் லஸ்கர். மதகைத் திறப்பதும் மூடுவதும், தினமும் தண்ணீர் அளவைப் பார்த்து நோட்டில் எழுதுவதும் அவர் வேலை. அவருடைய அப்பா பண்ணையில் கூலிக்கு ஏர் ஓட்டியவர். இன்று அதே பண்ணைக்காரர்கள் தண்ணீருக்காக மகனிடம், "செல்லதுரை, கொஞ்சம் பாத்து விடுங்க" என்று 'ங்க' போட்டுப் பேசினார்கள். புதன்கிழமைதோறும் ரோஸ்லின் எஸ்டிடி பூத்தில் லியோவின் போனுக்குக் காத்திருப்பாள். அங்கே கூட்டமும் சத்தமும் பிள்ளைக்கு ஆகாது. அந்த ஒரு மணி நேரம் சான்ட்ரா மதகில் தண்ணீர் பார்ப்பாள்.

"வாங்க டீச்சரம்மா. உங்க கிளாஸ்தான் நடக்குது" என்றார் செல்லதுரை. "நானும் வாரா வாரம் கேட்டுக் கேட்டுப் பாதி படிச்சிட்டேன். கூடிய சீக்கிரம் என்னையும் உங்க கோயில்ல சேத்துக்கணும்."

சான்ட்ரா யாரையும் பார்க்கவில்லை. கேள்வியும் பதிலும் அவளே சொல்லிக்கொண்டு போனாள். "கேள்வி அஞ்சு. கடவுள் எங்கே இருக்கிறார்? கடவுள் எங்கும் இருக்கிறார். ஏய் கிளாட்சன், ஜன்னல்ல என்ன இருக்கு? கேள்வி ஆறு…"

"எல்லாத்தையும் சொல்லுவாளா?" என்றார் டீச்சர்.

"அறுபதும் வரும். நடுவுல நிறுத்தக்கூடாது. நிறுத்தினா முதல்லேர்ந்து."

"அப்புறம் ஏன் சாமியார்கிட்ட சொல்லல?"

"அவரு தட்டலையே?" என்றார் செல்லதுரை. கையிலிருந்த ஸ்பேனரைக் காட்டினார். "நீங்க மேசையில பிரம்பால ரெண்டு தட்டு தட்டுவீங்களாமே? இந்தப் பாப்பா இதை வாங்கிச் சக்கரத்துல ரெண்டு தட்டு தட்டிட்டுத்தான் ஆரம்பிக்கும். சும்மா கேள்வி கேட்டா வராது டீச்சரம்மா. நாம ஆரம்பிச்சு வைக்கணும். 'போன புதன் எவ்வளவு தண்ணி?'ன்னு கேட்டா, அதையே நம்மகிட்ட திருப்பிக் கேக்கும். 'போன புதன் ரெண்டு அடி…'ன்னு இழுத்தா, 'நாலு அங்குலம்'னு முடிக்கும். நான் எழுத மறந்த நாள்கூட அதுகிட்ட இருக்கு. மேலேர்ந்து யாராவது வந்தா, என் நோட்டை விட்டுட்டு இதைத்தான் கேக்கணும்."

இருபத்திரண்டு வருட அனுபவத்தில் டீச்சருக்குப் புலப்படாதது, மதகுக்கு கிரீஸ் போடுகிறவருக்குப் புலப்பட்டிருந்தது. செல்லதுரை மறைக்கல்விப் பயிற்சி முகாம்களுக்குப் போகாதது ஒரு காரணமாக இருக்கலாம்.

சான்ட்ரா அதற்குள் வெகுதூரம் போயிருந்தாள்.

"கேள்வி பதினாலு. கடவுள் பாவிகள்மேல் எப்படிப்பட்டவர்? கடவுள் அளவில்லாத இரக்கம் உள்ளவர். அவர் ஒருவரையும் தள்ளுவதில்லை." ஒரு பெருமூச்சு. டீச்சரின் பெருமூச்சு. "இந்தச் சனியனையும் என் தலைல கட்டிட்டாங்க. இதுக்குச் சொல்றதும் ஒண்ணு, சுவத்துக்குச் சொல்றதும் ஒண்ணு. பெத்தவளுக்கு வெக்கம் வேணாம்? கேள்வி பதினஞ்சு…"

அவள் குரலில் கோபம் இல்லை, வருத்தம் இல்லை. கடவுளின் இரக்கத்தை எப்படிச் சொன்னாளோ, அதே போல்தான் இதையும் சொன்னாள்.

டீச்சருக்கு நினைவு வந்தது. போன வருடம் ஜூலை. சான்ட்ரா வகுப்புக்கு வந்த முதல் நாள். அறுபதையும் வாசித்துக் காட்டும்போது, நடுவில், வாசலில் வந்து நின்ற இன்னொரு டீச்சரிடம் சொன்னது. அந்தப் பிள்ளைக்கு எதுவும் காதில் ஏறாது என்று நிச்சயமாக நம்பியதால், மூன்றடி தூரத்தில், முழுக்குரலில் சொன்னது.

செல்லதுரை திருகுப் பக்கம் குனிந்து, ஏற்கெனவே கிரீஸ் போட்ட இடத்திலேயே மறுபடி கிரீஸ் போட்டார். "இந்தப் பம்ப்செட் சத்தத்துல ஒண்ணுமே காதுல விழ மாட்டேங்குது டீச்சரம்மா" என்றார்.

மதியத்திலிருந்து கரண்ட் இல்லை. அன்று அந்தச் சுற்று வட்டாரத்தில் ஒரு பம்ப்செட்டும் ஓடவில்லை.

அடுத்த நாள் முழுவதும் டீச்சர் ஒரு வழி தேடினார். சாமியாரிடம் பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்துவிடலாம் என்று நினைத்தார். அது சுலபம். திரைக்குப் பின்னால் சொன்னால் போதும், பரிகாரமாக மூன்று அருள் நிறை மந்திரத்தோடு சாமியார் அனுப்பிவிடுவார். ஆனால் மூன்று மந்திரம் சொன்னாலும் முந்நூறு சொன்னாலும், அந்தப் பிள்ளையின் தலைக்குள் பதினான்காம் கேள்விக்குப் பிறகு இருப்பது இருந்தபடியே இருக்கும். தவிர, இன்னொரு சிக்கலும் இருந்தது. சான்ட்ரா தேற வேண்டும் என்றால் சாமியார் முன்னால் அவளைப் பேச வைக்க வேண்டும். பேச ஆரம்பித்தால் ஒன்று, இரண்டு என்று போய்ப் பதினான்கு வரும்.

வாயை மூடிக்கொண்டிருந்தால் டீச்சரின் மானம் பத்திரம். பிள்ளையின் புதுநன்மை அடுத்த வருடம். பெரிய மனிதர்கள் எத்தனையோ பேர் இதைவிடச் சின்னக் காரணங்களுக்கு வாயை மூடியிருக்கிறார்கள்.

வெள்ளிக்கிழமை காலை டீச்சர் ரோஸ்லினையும் சான்ட்ராவையும் அழைத்துக்கொண்டு சாமியார் தங்கும் பங்கு வீட்டுக்குப் போனார். கையில் பிரம்பு.

"என்ன டீச்சர், யாரை அடிக்கப் போறீங்க?" என்றார் சாமியார்.

"உங்க மேசையை சாமி" என்றார் டீச்சர். "இந்தப் பிள்ளைக்கு எல்லாம் தெரியும். நாமதான் ஆரம்பிச்சு வைக்கல."

"கேள்வி கேட்டா பதில் வரணும். அதுக்கு எதுக்குப் பிரம்பால தட்டுறது?"

"பூசைல மணி அடிச்சாத்தானே சாமி நாமளும் முழங்கால் போடுறோம்?"

மூன்று பட்டங்கள் பெற்றவர் மேசையிலிருந்த தண்ணீர் டம்ளரை ஓரமாக நகர்த்தி வைத்தார். "சரி, தட்டுங்க" என்றார்.

டீச்சர் சான்ட்ராவைத் தன் வலப்பக்கம், வகுப்பில் உட்காரும் அதே பக்கத்தில் உட்கார வைத்தார். இரண்டு தட்டுத் தட்டினார். "ம். சத்தம் போடாம உக்காருங்க. கை கட்டு. கேள்வி ஒண்ணு. உன்னைப் படைத்தவர்…"

"யார்? கடவுள் என்னைப் படைத்தார்" என்றாள் சான்ட்ரா. பிறகு நிற்கவில்லை. சாமியார் நாற்காலியில் நிமிர்ந்தார். கிளாட்சனை அதட்டும் இடம் வந்தபோது வாய்விட்டுச் சிரித்தார். "டேப் ரிக்கார்டர் தோத்துப் போச்சு!"

ஏழு. எட்டு. ஒன்பது. டீச்சர் ஜெபமாலை மணிகளை உருட்டுவது போல எண்ணிக்கொண்டிருந்தார். நிறுத்தவில்லை. வரட்டும் என்றுதான் வந்திருந்தார். ஆனாலும் பிரம்பைப் பிடித்த கை வியர்த்தது. பதினொன்று. பன்னிரண்டு. தற்செயலாக ரோஸ்லினைப் பார்த்தார். ரோஸ்லின் பிள்ளையைப் பார்க்கவில்லை, டீச்சரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். டீச்சரைவிட அதிகமாக அவளுக்கு வியர்த்திருந்தது.

அப்போதுதான் டீச்சருக்கு உறைத்தது. 'வீட்ல அறுபதையும் முழுசாச் சொல்றா.' ஒரு வருடமாக, சமையல் செய்யும்போதும் துணி துவைக்கும்போதும், பெத்தவளுக்கு வெக்கம் வேணாமா என்று தன் பிள்ளையின் வாயாலேயே கேட்டுக்கொண்டிருந்தவள் இவள். ஒவ்வொரு ஞாயிறும் டீச்சரைப் பார்த்துத் தோத்திரம் சொன்னவள். ஒரு வார்த்தை காட்டிக்கொள்ளாதவள்.

"கேள்வி பதிமூணு" என்றாள் சான்ட்ரா.

"சாமி, போதுங்களா?" என்று ரோஸ்லின் சட்டென்று எழுந்தாள். "பிள்ளைக்குத் தாகம். முகமே வாடிப்போச்சு."

"போதும் போதும். அருமை! இதுக்கு மேல என்ன வேணும்?" சாமியார் பட்டியலை எடுத்துக் கோடு போட்ட பெயருக்குக் கீழே மறுபடியும் சான்ட்ரா என்று எழுதினார்.

நடுவில் நிறுத்தினால் பிள்ளை என்ன செய்யும் என்று ரோஸ்லினுக்குத் தெரியும். தெரிந்துதான் நிறுத்தினாள். சான்ட்ரா கத்தினாள், தரையில் விழுந்து புரண்டாள், அம்மாவின் கையைக் கடித்தாள். ரோஸ்லின் அவளை அள்ளிக்கொண்டு வெளியே ஓடினாள். தோட்டத்துக் கடைசியில் இருக்கும் கிணற்றடிக்குப் போய், தொட்டியில் இரண்டு தட்டுத் தட்டி, முதல் கேள்வியிலிருந்து ஆரம்பித்து வைத்தாள். அறுபதும் முடியும்வரை அந்த வெயிலில் நின்றாள். அங்கிருந்து பங்கு வீட்டுக்கு எதுவும் கேட்காது.

"கொஞ்சம் பிடிவாதக்காரப் பிள்ளை. அம்மா செல்லம் ஜாஸ்தி போல" என்றார் சாமியார்.

"ஆமாம் சாமி. அந்த அம்மாவுக்குச் செல்லம் குடுக்கத்தான் தெரியும்" என்றார் டீச்சர், ஜன்னல் வழியாகக் கிணற்றடியைப் பார்த்தபடி.

ஆகஸ்ட் பதினைந்தாம் தேதி, மாதா விண்ணேற்பு விழாவில் சான்ட்ரா புதுநன்மை வாங்கினாள். லியோ குவைத்திலிருந்து கொண்டுவந்த வெள்ளைக் கவுன், வெள்ளை முக்காடு. அப்ப விஷயத்தில் ஒரு சிரமமும் இருக்கவில்லை. சோறு, இட்லி, தேங்காய் என்று வெள்ளையாக இருப்பதைத்தான் அவள் எப்போதும் சாப்பிடுவாள். "கிறிஸ்துவின் திருவுடல்" என்றார் சாமியார். "கிறிஸ்துவின் திருவுடல்" என்றாள் அவள். பின்னாலிருந்து டீச்சர் மெதுவாக, "ஆ…" என்று இழுத்தார். "ஆமென்" என்று முடித்தாள். லியோ வீடியோ கேமரா கொண்டுவந்திருந்தார். பிறகு போட்டுப் பார்த்தால் முக்கால்வாசியும் கோயில் தரைதான் இருந்தது. அழுகிறவர்கள் கேமரா பிடிக்கக்கூடாது. அன்று பந்தியில் செல்லதுரையும் சாப்பிட்டார். மதகடி வகுப்பில் தேறியதற்கு, என்று சொல்லிக்கொண்டார்.

அத்தோடு கதை முடிந்தது என்றுதான் ஊர் நினைத்தது. டீச்சருக்கு இருபத்திமூன்றாம் வருடமும் நூற்றுக்கு நூறு. செல்லதுரை சொல்ல மாட்டார். ரோஸ்லின் சொல்ல மாட்டாள். மறந்துவிட எல்லா வசதியும் இருந்தது.

மாதக் கடைசியில் லியோ திரும்பிப் போகும் நாள். திருச்சி விமான நிலையம் பிள்ளைக்கு ஒத்துவராது என்று ரோஸ்லின் தவித்தபோது, "என்கிட்ட விட்டுட்டுப் போ" என்றார் டீச்சர். அன்று பள்ளிக்கூடம் விடுமுறை. வகுப்பறைக் கதவைத் திறந்து, சான்ட்ராவை அவளுடைய வழக்கமான பெஞ்சில் உட்கார வைத்தார். மேசையில் இரண்டு தட்டுத் தட்டினார்.

பதினான்கு வந்தது. இரக்கம் வந்தது, பெருமூச்சு வந்தது, அந்த வார்த்தைகளும் வந்தன. 'வெக்கம் வேணாம்?' என்று முடிந்த இடத்தில் டீச்சர் அவள் முன்னால் முழந்தாளிட்டுச் சொன்னார்: "டீச்சர் சொன்னது தப்பு. சான்ட்ரா நல்ல பிள்ளை. அம்மா நல்ல அம்மா. டீச்சரை மன்னிச்சுக்க."

சான்ட்ரா காதைப் பொத்திக்கொண்டு கத்தினாள். பாடத்தில் இல்லாதது வந்துவிட்டது. மறுபடி முதலிலிருந்து. மறுபடி பதினான்கு, மறுபடி முழந்தாள், அதே வார்த்தைகள், அதே குரல். மறுபடி கத்தல். மூன்றாவது தடவை கத்தல் கொஞ்சம் குறைந்தது. மதியம் வெள்ளைச் சோற்றை வெறும் சோறாக ஊட்டிவிட்டு, நான்காவது தடவை தட்டினார். பழைய வார்த்தைகளை எடுத்துவிட்டுச் சொல்லிப் பார்த்தார். அது நடக்கவில்லை. அவற்றை அவள் விடவில்லை. அவை அவளுக்கு முதலில் கிடைத்தவை.

சாயங்கால வெயில் கரும்பலகையில் விழுந்தபோது, ஆறாவது தடவை, டீச்சர் தட்டிவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தார். முழங்கால் இரண்டும் சிவந்திருந்தன.

"…பெத்தவளுக்கு வெக்கம் வேணாம்?" என்றாள் சான்ட்ரா. நின்றாள். கரும்பலகையைப் பார்த்தாள்.

டீச்சர் வாயைத் திறக்கவில்லை.

"டீச்சர் சொன்னது தப்பு. சான்ட்ரா நல்ல பிள்ளை. அம்மா நல்ல அம்மா. டீச்சரை மன்னிச்சுக்க" என்றாள் சான்ட்ரா, டீச்சரின் குரலில், டீச்சரின் தழுதழுப்போடு. பிறகு கையைக் கட்டிக்கொண்டாள்.

"கேள்வி பதினஞ்சு."